திஜ்லா மூடிய கோட்டை நகர்: ஹிஸ்னு கைபா

அரபு இலக்கணம் பயில்வோர் 'நிஸ்பத்' என்னும் பாடத்தைப் படிக்காமல் மேலே செல்ல இயலாது. ஒருவரை அவருடைய ஊரோடோ குலத்தோடோ தொழிலோடோ பிணைத்துக் கூறும் முறை அது. மக்காவைச் சேர்ந்தவர் மக்கீ. புகாராவைச் சேர்ந்தவர் புகாரீ. இமாம் ஸதக்கத்துல்லாஹ் அப்பா முதலிய காயல்பட்டணத்து ஆலிம்கள் தம் பெயரோடு 'காஹிரீ' என்று எழுதிக்கொண்டதும் இம்முறைப்படியே. மூலப் பெயர் இரு சொற்களால் ஆனதாயிருந்தால், இரண்டிலிருந்தும் எழுத்துகளைக் கொய்து ஒரு புதுச் சொல்லை ஆக்குவதும் உண்டு. இதனை 'நஹ்த்' என்பர். அப்து ஷம்ஸ் குலத்தார் அப்ஷமீ ஆனதும், அப்துத் தார் குலத்தார் அப்தரீ ஆனதும் இவ்வாறே.

இந்த வரிசையில் நம் மாணவர்கள் நாவில் அடிக்கடி புழங்கும் பெயர் ஒன்றுண்டு: ஹஸ்கபீ. ஹனபி பிக்ஹு நூல்களைத் தொட்டவர் எவரும் 'அத்துர்ருல் முக்தார்' என்னும் நூலைக் கேள்விப்படாதிருக்க முடியாது. அதனை இயற்றியவர் டமாஸ்கஸ் நகரின் ஹனபி முப்தியாக விளங்கி, ஹிஜ்ரி 1088இல் (கி.பி. 1677) மறைந்த அலாவுத்தீன் அல்ஹஸ்கபீ ஆவார். காஸா நகரத்து இமாம் திமுர்தாஷீ எழுதிய 'தன்வீருல் அப்ஸா'ருக்கு அவர் வரைந்த விரிவுரையே இந்நூல். அதன்மீது டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் எழுதிய பெருங்குறிப்பே 'ரத்துல் முஹ்தார்'. காஸாவில் பிறந்த மூலத்துக்கு ஹஸ்கபீயின் உரை. அவ்வுரைக்கு டமாஸ்கஸின் குறிப்பு. மூன்று நகரங்களின் பெயர்கள் ஒரே நூலின் பக்கங்களில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

ஷாபிஈ மத்ஹபினர்க்கும் ஒரு ஹஸ்கபீ உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மையாபாரிகீன் நகரில் கதீபாகவும் முப்தியாகவும் இருந்த யஹ்யா இப்னு ஸலாமா அல்ஹஸ்கபீ அவர். பிக்ஹிலும் கவிதையிலும் ஒருங்கே பெயர் பெற்றவர்.

'ஹிஸ்ன்' என்பதன் ஹாவும் ஸாதும், 'கைபா' என்பதன் காபும் பாவும் இணைந்து பிறந்ததே இந்த ஹஸ்கபீ என்னும் சொல். ஹிஸ்னு கைபா என்பது தென்கிழக்குத் துருக்கியில், திஜ்லா என்று நாம் கிதாபுகளில் படிக்கும் டைகிரிஸ் நதியின் கரையில் அமைந்திருந்த ஒரு பழம்பெரும் நகர். இன்று அதனை ஹஸன்கேப் என்று வழங்குகின்றனர். 'அமைந்திருந்த' என்று இறந்த காலத்தில் கூறுவதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஊர் அமைந்த விதம்

அண்மையில் துருக்கி நாடு சென்றிருந்தபோது, உடன் வந்த அன்பர்கள் இஸ்தான்பூலின் பெரும் பள்ளிவாசல்களையும் கோன்யாவையும் கண்டு நிறைவுற்றனர். நம் உள்ளமோ இளமையில் ஓதிய கிதாபின் முகப்பில் கண்ட அந்தப் பெயரையே சுற்றி வந்தது. எனவே, தியார்பக்ர் நகரை அடைந்து, அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே உள்ள பத்மான் நகருக்கு வந்து, அதற்கும் தெற்கே சிற்றுந்தில் முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாகப் பயணம் செய்து ஹஸன்கேப்பைச் சேர்ந்தோம். வழி நெடுக மரமற்ற வெளிறிய குன்றுகள், இடையிடையே கோதுமை வயல்கள், ஆட்டு மந்தைகள். இத்துணைத் தொலைவான இடத்தில் ஒரு தலைநகர் எவ்வாறு தோன்றியது என்னும் வினா எவருக்கும் எழவே செய்யும்.

வரலாறு அதற்கு விடை கூறுகிறது. திஜ்லா நதி இவ்விடத்தில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியைத் தழுவி ஓடியது. பாறை தென்கரையில் கோட்டைச் சுவர்போல் உயர்ந்து நின்றது. மேலே இருப்பவன் கீழே நதியைக் கடப்பவனைத் தடுக்கலாம்; கடக்கவும் விடலாம். சுங்கமும் பெறலாம். இதனை மிகப் பழங்காலத்திலேயே மக்கள் உணர்ந்தனர். பழைய ஊரின் அருகே ஆற்றங்கரை மேட்டில் நடந்த அகழாய்வு, ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இங்கு வீடு கட்டி நிலைத்து வாழ்ந்தனர் என்று காட்டியது. பின்னர் இது ரோமப் பேரரசின் எல்லைக் கோட்டையாயிற்று. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆயர் பீடம் ஒன்றும் இங்கிருந்தது. சுரியானி மொழியில் 'கீபா' என்றால் பாறை. அரபியர் அதன்முன் 'ஹிஸ்ன்' எனும் கோட்டையைச் சேர்த்தனர். ஆகவே ஹிஸ்னு கைபா என்பது பாறைக் கோட்டை என்றே பொருள்படும்.

ஸையிதுனா உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில், 639-640 ஆண்டுகளில், இயாள் இப்னு கன்ம் (ரலி) அவர்களின் தலைமையில் ஜஸீரா என்னும் இந்நிலப்பகுதி முழுவதும் இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தது. அன்று முதல் பாங்கோசை இங்கே ஒலித்து வந்தது.

பாலமும் பொறிகளும்

இவ்வூரின் பொற்காலம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. 1102ஆம் ஆண்டளவில் அர்துகீ குலத்துத் துருக்கியர் இதனைக் கைக்கொண்டு தலைநகராக்கினர். அவர்களுள் பக்ருத்தீன் கரா அர்ஸ்லான் என்னும் அரசர், திஜ்லாவின் குறுக்கே ஒரு கற்பாலம் எழுப்பினார். நடு வளைவு மட்டும் சுமார் 40 மீட்டர் அகலம் தாவி நின்றது. அக்காலத்தில் இத்துணை நீண்ட ஒற்றை வளைவைக் கட்டுவது சிறு செயலன்று. 'முஃஜமுல் புல்தான்' என்னும் ஊர் அகராதியை இயற்றிய யாகூத் அல்ஹமவீ, பல நாடுகளைச் சுற்றியவர். எதையும் எளிதில் வியவாதவர். அவரே இப்பாலத்தினும் பெரியதொன்றைத் தாம் கண்ட ஊர்களில் எங்கும் கண்டதில்லை என்ற கருத்துப்பட எழுதி வைத்தார்.

இந்த அர்துகீ அரசர்களிடம் ஹிஜ்ரி 570 (கி.பி. 1174-75) முதல் பணி புரிந்தவர் பொறியியல் அறிஞர் இஸ்மாயீல் அல்ஜஸரீ ஆவார். ஆமித் எனப்படும் தியார்பக்ர் 1183இல் ஸுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களால் அர்துகீகளுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன் அவர்தம் அரசிருக்கை ஹிஸ்னு கைபாவே. அல்ஜஸரீ தாம் செய்த கருவிகளைப் படங்களுடன் விளக்கி 1206இல் ஒரு நூலை முடித்தார். யானை உருவில் அமைந்த நீர்க் கடிகாரம், வுளூச் செய்ய நீர் ஊற்றும் பொறி, தாழ்ந்த நிலத்து நீரை உயர்ந்த வயலுக்கு ஏற்றும் சக்கரங்கள் ஆகியவை அதில் உள்ளன. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் அமைப்பை அவர் நீரேற்றும் கருவியில் கையாண்டதைப் பிற்காலப் பொறியியல் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். நீரைப் பணி செய்ய வைக்கும் கலை இந்நிலத்துக்குப் புதிதன்று என்பதை இங்கே நினைவில் கொள்வது நலம்.

இழந்த இல்லங்களின் நூல்

நிற்க. ஹிஸ்னு கைபாவின் வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் தொட்டது அரசர் கட்டிய பாலமன்று. அகதியாய் வந்த ஒருவர் எழுதிய நூலே ஆகும்.

உஸாமா இப்னு முன்கித் என்னும் சிரிய நாட்டு வீரர், அரபு இலக்கியத்தில் தம் நினைவுகளை 'கிதாபுல் இஃதிபார்' என்னும் நூலாகத் தந்து புகழ் பெற்றவர். ஆஸீ நதிக்கரையில் இருந்த ஷைஸர் கோட்டை அவருடைய குலத்தாரின் ஆட்சியில் இருந்தது. 1157ஆம் ஆண்டு சிரியாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் அக்கோட்டை இடிந்து விழுந்தது. குடும்ப விழா ஒன்றிற்காகக் கூடியிருந்த உறவினர் ஏறத்தாழ அனைவரும் அதனுள் புதையுண்டனர். வெளியூரில் இருந்த உஸாமா உயிர் பிழைத்தார். வீடு இல்லை, சுற்றம் இல்லை, திரும்பிச் செல்ல ஊரும் இல்லை.

1164ஆம் ஆண்டளவில் அவர் ஹிஸ்னு கைபாவுக்கு வந்து, கரா அர்ஸ்லானின் ஆதரவில் தங்கினார். பத்தாண்டுகள் இந்த நதிக்கரை அவருக்கு நிழல் தந்தது. அறுபதும் எழுபதும் கடந்த வயதில், இங்கிருந்த அமைதியில், அவர் பல நூல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று 'அல்மனாஸில் வத்தியார்'. இல்லங்களும் உறைவிடங்களும் என்பது அதன் பொருள். கைவிட்டுப் போன வீடுகளையும், பாழான ஊர்களையும், பிரிந்த சுற்றத்தையும் எண்ணிக் கவிஞர்கள் பாடியவற்றைத் தொகுத்துத் தந்த நூல் அது. இழந்த கூடாரத்தின் சுவடுகளில் நின்று அழுவது அறியாமைக் காலம் தொட்டே அரபுக் கவிதையின் மரபு. 'அத்லால்' என்று அதனை அழைப்பர். மற்றவர்களுக்கு மரபாயிருந்தது உஸாமாவுக்கு வாழ்க்கையாயிற்று. தம் ஊரை இழந்தவர், அந்த இழப்பை எழுத்தில் பொறிக்க இடம் தந்தது ஹிஸ்னு கைபா. அவ்வூரே நீரில் மூழ்கும் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? 1174இல் ஸலாஹுத்தீன் அவர்களின் அழைப்பை ஏற்று டமாஸ்கஸ் சென்று, அங்கேயே 1188இல் மறைந்தார்.

எகிப்துக்குச் சென்ற இளவரசர்

1232இல் எகிப்தின் ஐயூபீ ஸுல்தான் அல்காமில், அர்துகீகளிடமிருந்து ஆமிதையும் ஹிஸ்னு கைபாவையும் கைப்பற்றினார். அவருடைய மகன் ஸாலிஹ் ஐயூப் இங்கே ஆட்சி செலுத்தினார். 1240இல் எகிப்தின் அரியணை ஏறினார். தம் மகன் தூரான்ஷாவை ஹிஸ்னு கைபாவில் விட்டுச் சென்றார்.

அடுத்து நிகழ்ந்தவற்றை இஸ்லாமிய வரலாறு படித்தோர் அறிவர். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையுடன் 1249இல் நைல் முகத்துவாரத்தில் இறங்கினார். அந்த நெருக்கடியின் நடுவே, நவம்பர் மாதம், ஸுல்தான் ஸாலிஹ் மறைந்தார். அவருடைய மனைவி ஷஜருத்துர், படையின் மனம் தளராதிருக்க மரணச் செய்தியை மறைத்து வைத்து, திஜ்லாக் கரையிலிருந்த தூரான்ஷாவை வரவழைத்தார். அவர் 1250 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். ஏப்ரலில் லூயி மன்னர் சிறைப்பட்டார். மே மாதத் தொடக்கத்தில் தூரான்ஷா தம் மம்லூக் வீரர்களாலேயே கொல்லப்பட்டார். எகிப்தில் ஐயூபீ ஆட்சி அத்துடன் சரிந்தது.

ஆயின், ஹிஸ்னு கைபாவில் தூரான்ஷா விட்டுச் சென்ற மகன் இருந்தார். அவர் வழியினர் மங்கோலியரின் 1260ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் தாங்கி, அவர்களுக்கு அடங்கியும் சமாளித்தும், 1462இல் அக்கோயுன்லு துருக்கியர் வரும்வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டனர். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் ஐயூபீ கொடி இறங்கிய பின்னர் நெடுங்காலம் இந்தச் சிறிய நதிக்கரை ஊரில் அது பறந்தது. பேரரசுகள் தலைநகரில் சாய்ந்த பின்னும், தொலைவான மூலை ஒன்றில் அவற்றின் வேர் உயிருடன் இருப்பதுண்டு. இது அதற்கோர் எடுத்துக்காட்டு.

இந்த ஐயூபீகளுள் ஸுல்தான் ஸுலைமான் 1409இல் கட்டியதே ரிஸ்க் பள்ளிவாசல். அதன் மனாராவினுள் இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றி ஏறுகின்றன. ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் சந்திப்பதில்லை. அக்கோயுன்லு மன்னர் உஸுன் ஹஸனின் மகன் ஸைனல் பேக், உஸ்மானிய ஸுல்தான் இரண்டாம் முஹம்மதுக்கு எதிரான ஒத்லுக்பேலி போரில் 1473இல் மாண்டார். அவருக்கு எழுப்பிய கல்லறை, நீலமும் பச்சையும் கலந்த மெருகோட்டுச் செங்கற்களால், அல்லாஹ்வின் திருநாமமும் முஹம்மத், அலீ என்னும் பெயர்களும் சதுரக் கூபீ எழுத்தில் மிளிர அமைந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் உஸ்மானிய ஆட்சிக்குள் வந்தது. பின்னர் அதன் முக்கியத்துவம் படிப்படியாகக் குறைந்தது. பாலம் இடிந்து தூண்கள் மட்டும் எஞ்சின. சுண்ணாம்புப் பாறையில் குடைந்த ஆயிரக்கணக்கான குகைகளிற் பலவற்றில் எளிய மக்கள் 1960கள், 1970கள் வரை குடியிருந்தனர்.

அணை வந்த கதை

திஜ்லாவில் அணை கட்டும் எண்ணம் 1950களிலேயே அரும்பியது. மறுபுறம், 1978இல் ஹஸன்கேப்பைத் தொல்லியல் பாதுகாப்புப் பகுதியாக அரசே அறிவித்தது. ஒரு கை காப்பதற்கும் மறு கை மூழ்கடிப்பதற்கும் ஓங்கியிருந்த நிலை அது. 2006 ஆகஸ்டில், ஊருக்குக் கீழே இலிஸு என்னுமிடத்தில் அணைக்கு அடிக்கல் நாட்டினர். உயரம் 135 மீட்டர், மின் உற்பத்தித் திறன் 1,200 மெகாவாட், ஏறத்தாழ 10.4 பில்லியன் கன மீட்டர் நீரைத் தேக்கும் ஏரி. ஏறத்தாழ 200 ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ நீருக்கு இரையாகும் எனக் கணக்கிட்டனர்.

சுற்றுச்சூழலும் பண்பாடும் குடிபெயர்வோர் நலமும் குறித்த நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று கூறி, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் 2009 ஜூலையில் தம் கடன் பொறுப்புறுதியை விலக்கிக் கொண்டன. துருக்கி அரசு உள்நாட்டு வங்கிகளின் துணையுடன் பணியைத் தொடர்ந்தது. யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஓரிடத்தைச் சேர்க்க அந்நாட்டு அரசே விண்ணப்பிக்க வேண்டும். ஹஸன்கேப்புக்காக அவ்விண்ணப்பம் செல்லவேயில்லை. அறிஞர் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினர். பண்பாட்டுச் செல்வத்தைக் காக்குமாறு கோரும் தனிமனித உரிமை இன்னும் பொதுவாக ஏற்கப்படவில்லை என்ற கருத்தில் அவ்வழக்கு 2019இல் தள்ளுபடியாயிற்று.

திஜ்லா துருக்கிக்கு மட்டும் உரிய நதியுமன்று. மவ்ஸிலும் பக்தாதும் அதன் நீரையே நம்பி நிற்கின்றன. 2018 ஜூனில் நீர் தேக்கத் தொடங்கியபோது இராக்கில் பதற்றம் எழுந்தது. இராக்கின் வேண்டுகோளை ஏற்றுப் பணி சிறிது காலம் நிறுத்தப்பட்டது. 2019 ஜூலையில் மீண்டும் தேக்கினர். அவ்வாண்டு நவம்பரில் பழைய கடைத்தெரு இடிக்கப்பட்டது. 2020இல் பழைய ஹஸன்கேப் நீருள் மறைந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் மின்பொறி சுழன்றது.

இடையில், சில கட்டடங்களைக் காப்பாற்றும் முயற்சியும் நடைபெற்றது. 2017 மே மாதத்தில், சுமார் 1,100 டன் எடையுள்ள ஸைனல் பேக் கல்லறையை அப்படியே பெயர்த்து, பல சக்கரங்கள் கொண்ட மேடையில் ஏற்றி, சுமார் இரண்டு கிலோமீட்டர் நகர்த்தினர். அடுத்து நீராடுமிடமும், ரிஸ்க் பள்ளியின் மனாராவும், பிற சின்னங்களும் இடம் மாறின. அவற்றைப் புதிய ஊரின் அருகே ஒரு பூங்காவில் நிறுத்தியுள்ளனர்.

இறந்தோரும் இடம் பெயர்ந்தனர். மண்ணறைகளைத் தோண்டி, எலும்புகளைப் புதிய மையவாடிக்குக் கொண்டு சென்றனர் உறவினர். மையித்தை அடக்கிய பின் தோண்டுவதைப் புகஹாக்கள் பொதுவாகத் தடுத்துள்ளனர். ஆயினும் நீர் வந்து கப்ரைச் சூழ்ந்தால் மாற்றலாம் என்று விதிவிலக்கும் தந்துள்ளனர். இதற்கு முன்மாதிரி உஹதிலேயே உண்டு. அம்ரிப்னுல் ஜமூஹ் (ரலி), அப்துல்லாஹிப்னு அம்ரு (ரலி) ஆகிய இரு ஷஹீதுகளும் ஒரே கப்ரில் அடங்கியிருந்தனர். வெள்ளம் அதனை அரித்ததால் 46 ஆண்டுகளுக்குப் பின் அவர்களை வேறிடத்துக்கு மாற்றியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். அன்று வெள்ளம் தானே வந்தது. இங்கே நாள் குறித்து வரவழைத்தனர் என்பதே வேறுபாடு.

நாம் கண்டவை

புதிய ஹஸன்கேப் வடகரையில், நீர்மட்டத்துக்கு மேலே, 700க்கு மேற்பட்ட ஒரே மாதிரியான வீடுகளுடன் நிற்கிறது. அகன்ற தெருக்கள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், அருங்காட்சியகம். குறை கூறத்தக்க ஊரன்று. ஆயினும், பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தெருக்களில் நிழலில்லை. பழைய ஊரில் குறுகிய சந்துகளே நிழல் தந்தன என்று பின்னர் கேட்டறிந்தோம்.

பூங்காவில் ஸைனல் பேக் கல்லறையின் முன் நின்றோம். செங்கல்லின் நீலம் மங்கவில்லை. அருகே மனாரா, ஒரு வாசல், ஒரு ஸாவியா. ஒவ்வொன்றும் அழகே. ஆனால் மனாராவைச் சுற்றி வீடுகள் இல்லை. நீராடுமிடத்தில் நீர் இல்லை. வாசலுக்குப் பின்னால் ஊர் இல்லை. கிதாபிலிருந்து கிழித்தெடுத்த ஏடுகளை வரிசையாக அடுக்கி வைத்தாற் போன்றிருந்தது.

படகில் ஏறி ஏரியின் நடுவே சென்றோம். கோட்டைப் பாறையின் மேற்பகுதி மட்டும் நீருக்கு மேல் நின்றது. கரா அர்ஸ்லானின் பாலத்தூண்கள் இருக்கும் இடத்தைப் படகோட்டி கையால் காட்டினார். தெளிந்த பசும்நீர், வேறொன்றும் தெரியவில்லை. யாகூத் வியந்து நின்ற இடத்துக்கு மேலே நாம் மிதந்துகொண்டிருந்தோம்.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு முதியவர் நம்மோடு அமர்ந்தார். இவ்வட்டாரத்தில் குர்திஷ் பேசுவோருடன் அரபு பேசும் குடும்பங்களும் உண்டு. அவர் பேசியது வீட்டு அரபு. நாம் பேசியது கிதாபு அரபு. இரண்டும் தடுக்கித் தடுக்கி ஒன்றையொன்று கண்டுகொண்டன. 'ஹஸ்கபீ' என்னும் நிஸ்பத்தைச் சொன்னோம். முதலில் அவருக்குப் புரியவில்லை. தரையில் விரலால் எழுதிக் காட்டி, ஹிந்துஸ்தானத்தின் தென்கோடியில் இப்பெயரைச் சிறுவர்கள் நாள்தோறும் உச்சரிக்கின்றனர் என்றோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"உஸ்தாதே, என் தகப்பனார் குகையில் பிறந்தார். நான் கீழே ஊரில் பிறந்தேன். என் பேரன் இந்த வீட்டில் பிறந்தான். மின்சாரம் நல்லதுதான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால், 'உங்கள் ஊர் எது?' என்று கேட்பவனுக்கு அவன் எந்தப் பக்கம் கை நீட்டுவான்?" என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. "அல்லாஹ் உங்கள் சந்ததிக்கு பரக்கத் செய்வானாக, ஹாஜியாரே" என்று மட்டும் கூறி எழுந்தோம்.

எடை போடும் கடமை

அணை வேண்டுமா, பழைய கற்கள் வேண்டுமா என்று எளிதாகக் கேட்டுவிடலாம். பசித்தவன் முன் பழம்பெருமை பேசுவது அறமாகாது என்பதும் உண்மையே. மக்கள் நலன் கருதி ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வதை 'மஸ்லஹத்' என்று நம் இமாம்கள் வகுத்துத் தந்துள்ளனர். ஆனால் அவர்களே அதற்கு வரம்புகளும் வகுத்தனர். வரும் நன்மை உறுதியானதா, ஊகமானதா என்று பார்க்க வேண்டும். நன்மை யாருக்கு, இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். இழப்பை ஈடு செய்ய இயலுமா என்று பார்க்க வேண்டும். ஒருவர் துன்பத்தை நீக்க அதுபோன்ற துன்பத்தைப் பிறர்மேல் சுமத்தலாகாது என்பதும் உஸூல் நூல்களில் காணும் விதியே.

இத்தராசில் ஹஸன்கேப்பை வைத்துப் பார்க்கின், மின்சாரம் பிறவழிகளிலும் பெறத்தக்கது. கதிரவன் குறைவின்றி எரிக்கும் நிலம் அது. ஊரோ பிறவழியில் பெறத்தக்கதன்று. நன்மை தொலைவான நகரங்களுக்கும் சென்றது. இழப்பு இவ்விடத்தாரிடம் நின்றது. கீழ்நாட்டார் நீருக்குக் கவலைப்படுகின்றனர். எனவே, தட்டு எப்பக்கம் தாழ்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டியோர் தீய எண்ணம் கொண்டிருந்தனர் என்று நாம் கூற வரவில்லை. எடை போடுமுன் தட்டில் வைக்க வேண்டிய ஒன்றை வைக்க மறந்தனர் என்றே கூறுகிறோம். ஓர் ஊரின் நினைவும் மக்களின் உடைமையே. அதற்குப் பத்திரம் இல்லாததனால் அது விலையற்றதாகிவிடாது.

பூமியில் சுற்றி வந்து முன்சென்ற சமூகங்களின் முடிவைப் பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் பணிக்கிறது. அவ்வாறு பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் பாவத்தால் அழிந்த ஊர்களையே எண்ணுகின்றனர். ஹிஸ்னு கைபா எந்தக் குற்றத்துக்காகவும் மூழ்கவில்லை. தொழுத ஊர், ஓதிய ஊர், வீடிழந்தவருக்கு இடம் தந்த ஊர். நல்ல ஊர்களும் கவனமின்மையால் மறையும் என்பதே அது தரும் படிப்பினை.

இதனைப் படிக்கும் குடும்பத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறார்களா? இடிக்குமுன் அதன் கல்வெட்டைப் படியெடுங்கள். தூண்களைப் புகைப்படம் எடுங்கள். யார் கட்டியது, யார் வக்பு செய்தது என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பரணில் கிடக்கும் பாட்டனாரின் அரபுத்தமிழ் ஏட்டைப் பழைய காகிதக்காரனுக்குப் போடாமல், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மையவாடியின் மீஸான் கற்களில் உள்ள பெயர்களை ஒரு குறிப்பேட்டில் ஏற்றுங்கள். பெரிய அணை வந்துதான் ஓர் ஊர் மூழ்க வேண்டும் என்பதில்லை. கேட்பாரும் எழுதுவாரும் இல்லாத இரண்டு தலைமுறை போதும்.

உஸாமா தம் ஷைஸரைக் காக்க முடியவில்லை. அதன் நினைவைக் காத்தார். அம்மட்டாவது நம்மால் ஆகும். அதற்கான தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.